நாக்கின் வலது ஓரம்

சாய்ந்தமருது
2025 ஜனவரி 19

தங்கச்சி சுல்பிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். வியாழக்கிழமை பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்கு வந்தேன். ஜன்னல் சீலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. உன் சின்ன மகள் பஹ்மிதா உள்ளே நின்று மூக்கை உறிஞ்சியது எனக்கு வாசலில் கேட்டது. அறுபது வயதில் கூடப்பிறந்தவளுக்குத் தபால் போடுகிற நிலைமை எனக்கு.

புதன்கிழமை கல்முனை மேல் நீதிமன்றத்தில் நீ சாட்சி சொல்லும்போது நான் வெளியே மர வாங்கில் குந்தியிருந்தேன். இன்னும் சாட்சி சொல்லாதவர்கள் உள்ளே இருக்கக் கூடாதாம். லீவில் வந்திருந்த என் மகள் நஜ்லா உள்ளே இருந்து கேட்டுவிட்டு வந்து சொன்னாள். உன் மூத்தவள் றிபாவைக் கழுத்தை நெரித்த அடையாளம் இருந்ததாக நான் உனக்குச் சொன்னேன் என்று நீ சத்தியம் பண்ணிச் சொன்னாயாமே. எப்போது சொன்னேன்?

அவள் மௌத்தாகி அடக்கம் பண்ணின ஏழாம் நாள், உன் அடுப்படியில் வைத்து, நான் உனக்குச் சொன்னது மூன்றே மூன்று. நாக்குக் கடிபட்டிருந்தது. இரண்டு புயத்திலும் விரல் பதிந்த கண்டல் இருந்தது. உதடு நீலம். கழுத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சுனாமி அன்று தொடங்கி இருபது வருஷமாக இந்த ஊரில் அடக்கத்துக்கு முன் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறேன். மையித்தில் கண்டதை வெளியே சொல்லாதது எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பெற்றவளுக்கு மறைக்கக் கூடாது என்று நினைத்து உனக்கு மட்டும் சொன்னேன். நீ அதைப் பொலிசுக்குக் கொண்டு போனாய். பத்தொன்பதாம் நாள் கபுறைத் தோண்டி மையித்தை வெளியே எடுத்தார்கள். அன்றிலிருந்து மூன்று வருஷமாக உன் மருமகன் றிம்சான் மட்டக்களப்புச் சிறையில் கிடக்கிறான். அவன் செய்திருந்தால் கிடக்கட்டும். ஆனால் நான் சொல்லாத சொல்லுக்காக யாரும் ஒரு நாள் கூடக் கிடக்கக் கூடாது.

பெப்ரவரி 27 நான் சாட்சி சொல்லுகிற தவணை. நான் கண்டதை மட்டும்தான் சொல்லுவேன் என்று உனக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். போன புதன்கிழமை நீதிமன்ற வாசலில் றிம்சானின் உம்மாவுக்கு நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்ததற்கு நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். அவ காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் கொடுத்தேன்.

இப்படிக்கு உன் றாத்தா,
ஸாலிஹா


அக்கரைப்பற்று
2025 ஜனவரி 27

றாத்தாவுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது. கொலைகாரனின் உம்மாவுக்குக் கை நடுங்கியதைக் கண்ட உங்களுக்கு, கூண்டில் நின்ற எனக்குக் கால் நடுங்கியதைக் காண முடியவில்லை. வெளியே இருந்தீர்கள்தானே, எப்படிக் காண்பீர்கள்.

கழுத்து என்று சொன்னேனோ புயம் என்று சொன்னேனோ, எனக்கு நினைவில்லை. நாக்குக் கடிபட்டு உதடு நீலமாகி ஒரு பிள்ளை சும்மா மௌத்தாகுமா? அதை விளங்கிக்கொள்ளப் பெற்ற தாய்க்குப் படிப்பு வேண்டியதில்லை.

அரச சட்டத்தரணி எனக்கு எல்லாம் விளங்கப்படுத்தினார். கொலையைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை, அதனால் சந்தர்ப்ப சாட்சியங்களைச் சங்கிலி மாதிரிக் கோக்க வேண்டுமாம். அன்று பின்னேரம் வீட்டில் இருந்தது அவனும் அவளும் மட்டும். நான் சீதனமாக றிபாவின் பெயருக்கு எழுதிக் கொடுத்த வீட்டை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போக வேண்டுமென்று முந்தின கிழமை சண்டை பிடித்திருக்கிறான். பக்கத்து வீட்டு உம்மு அவன் கத்தியதையும் பீங்கான் உடைந்ததையும் கேட்டிருக்கிறா. பிறகு அவசரமாக அடக்கம். கடைசிக் கண்ணி நீங்கள் கண்ட கண்டல். எல்லாக் கண்ணியும் இறுகினால்தான் தீர்ப்பு நிற்கும், ஒன்று கழன்றாலும் அவன் வெளியே வந்துவிடுவான் என்றார்.

அவன் சொல்லுகிற கதையையும் கேட்டிருப்பீர்கள். அவள் அடுப்படியில் விழுந்து நடுங்கினாளாம். நோன்பு மயக்கம் என்று நினைத்துக் கையைப் பிடித்து அமத்தித் தண்ணீர் பருக்கினானாம். ஆட்டோவில் பெற்றோல் இல்லாமல் ரோட்டுக்கு ஓடினானாம். மூன்று வருஷமாக இதே கதைதான். நல்ல பாடம் பண்ணியிருக்கிறான்.

உங்கள் தவணையில் கண்டதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், ஒன்றும் குறைக்க வேண்டாம். அவன் பக்கம் நின்றீர்களென்றால், நான் மௌத்தானால் என் மையித்தில் உங்கள் கை படக் கூடாது. இதை எழுதியே தருகிறேன்.

சுல்பிகா


சாய்ந்தமருது
2025 பெப்ரவரி 9

சுல்பிகாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பஹ்மிதாவின் கண்ணில் படாமல் வாசி.

நஜ்லா மலைநாட்டில் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்ப் பத்து நாளில் காய்ச்சல் பிடித்து, அங்கே கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருக்கிறாள். கவுண்டரில் நோயாளிகளுக்குத் துண்டு வெட்டுகிற பிள்ளை அடையாள அட்டை இலக்கத்தைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், நீங்க ஃபிட்ஸ் கிளினிக்குக்கு வாறதே இல்லையே, மருந்து குடிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறா. நஜ்லா சிரித்துவிட்டு, எனக்கு வலிப்பு இல்லை, ஆளை மாறிப் பார்க்கிறீர்கள் என்றாளாம். பெயர் நஜ்லாவின் பெயர். பிறந்த திகதி அவளுடையது. வாப்பாவின் பெயர் என் மௌத்தான மனுஷனுடைய பெயர். 2015இல் தொடங்கி ஏழு வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் மருந்து எடுத்திருக்கிறாளாம். கடைசியாக எடுத்தது 2022 மார்ச் 8. அதற்குப் பிறகு ஆளே இல்லை.

றிபா மௌத்தானது அதே வருஷம் ஏப்ரல் 19. நோன்பு பதினேழு.

போனில் நஜ்லா இதைச் சொல்லிக்கொண்டு போக நான் மாதத்தை விரல் விட்டு எண்ணினேன். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்து விழுந்தது. உயர்தரப் பரீட்சை விண்ணப்பத்துக்கு இரண்டு பிள்ளைகளின் அடையாள அட்டையையும் போட்டோக்கொப்பி எடுத்தவள் நீ. இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் கண்டிக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று றிபாவைக் கூட்டிக்கொண்டு போனவள் நீ. வெறுங்கையோடு வருவாய், ஒன்றும் பிடிக்கவில்லை என்பாய். நானும் உன் குணம் தெரிந்தவள் என்று சிரித்துக்கொள்வேன்.

மையித்தை வெட்ட விடமாட்டேன், என் பிள்ளையை இரவைக்கே அடக்க வேண்டும் என்று மரண விசாரணைக்கு வந்தவரின் காலில் விழாத குறையாக நின்றது யார்? அவசரமாக அடக்கம் பண்ணியது றிம்சான் என்று கோட்டில் சொல்லியிருக்கிறாய். அவன் மூலையில் குந்திக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவே இல்லை.

என் பிள்ளையின் பெயரை என்னத்துக்கு எடுத்தாய் என்று பிறகு கேட்பேன். இப்போது இதற்கு மட்டும் பதில் சொல்லு. றிபாவுக்கு வலிப்பு இருந்ததா? சத்தியம் பண்ணி, "நோய் நொடி இல்லாத பிள்ளை" என்று நீ சொன்னது பொய்யா?

ஸாலிஹா


அக்கரைப்பற்று
2025 பெப்ரவரி 14

றாத்தா,

நீங்கள் என்னிடம் கேள்வி கேட்கிறீர்கள். நானும் கேட்கிறேன். நீங்கள் கண்டீர்களா?

என் மகள் வலிப்பு வந்து விழுந்ததை உங்கள் கண் என்றைக்காவது கண்டதா? இல்லை. ஆஸ்பத்திரிப் பிள்ளை நஜ்லாவிடம் சொல்லி, நஜ்லா உங்களிடம் சொல்லி, நீங்கள் கோட்டில் சொல்லுவீர்களா? கேள்விப்பட்டதைச் சாட்சியாக எடுக்கமாட்டார்கள். மூன்று வருஷமாகக் கோட்டு வாசலில் நின்று நான் படித்த படிப்பு இது. அந்த ஆஸ்பத்திரிக் கொப்பியைக் கொண்டு வந்தால் அதில் இருப்பது உங்கள் மகளின் பெயர். இருபத்தேழு வயது, இன்னும் கல்யாணம் பேசி முடியாத பிள்ளை. ஊர் என்ன பேசும் என்று யோசித்தீர்களா? என் பிள்ளைக்கு இல்லை, றாத்தாவின் மகளுக்குத்தான் இருந்தது என்று நான் சொல்லிவிட்டால் உங்களால் என்ன செய்ய முடியும்?

பஹ்மிதாவுக்கு நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மூத்தவளுக்கு வலிப்பு என்றால் தங்கச்சியின் இரத்தத்திலும் இருக்கும் என்பார்கள். வாப்பா இல்லாத பிள்ளை. ஒரு மகளை மண்ணுக்குள் வைத்துவிட்டேன், மற்றவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுகிறீர்களா?

இன்னொன்றும் சொல்லுகிறேன். வலிப்பு இருந்தவளைக் கொலை செய்ய முடியாதா? புயத்தில் விரல் பதிந்தது வலிப்பாலா? அவன் பிடித்த பிடிதானே அது? நீங்கள்தானே கண்டீர்கள்?

என்னைப் பொய்ச் சத்தியம் பண்ணியவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் சிறை உண்டு. தங்கச்சியை உள்ளே தள்ளிவிட்டு அவன் உம்மாவோடு இருந்து நல்லாத் தேத்தண்ணி குடியுங்கள்.

சுல்பிகா


சாய்ந்தமருது
2025 பெப்ரவரி 20

சுல்பிகா,

இல்லை என்று நீ ஒரு இடத்திலும் எழுதவில்லை. கடிதத்தை நாலு தரம் வாசித்துப் பார்த்தேன்.

நஜ்லாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். "கேக்கிறவங்க கேக்கட்டும் உம்மா. என்ட பேருதானே, உசிர் இல்லையே" என்றாள். போனை வைத்த பிறகு எனக்குத்தான் அழுகை வந்தது. என் பிள்ளைக்கு வந்து போகிற சம்பந்தம் ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியும். அது போனாலும் போகட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. அவளாகவே சொல்லிவிட்டாள்.

றிம்சானின் லோயர் அழகரெத்தினம் ஐயாவிடம் நான் போகவில்லை. நான் மற்றப் பக்கத்துச் சாட்சி. போய்ச் சொன்னால் விலைக்குப் போய்விட்டேன் என்பார்கள். ஆனால் கூண்டில் ஏற்றி என்னைக் கேட்டால் மறைக்கமாட்டேன். உன்னிடமும் ஒன்று கேட்கிறேன். இதைக் கோட்டுக்காகக் கேட்கவில்லை. ஏழு வருஷம் மருந்து குடித்தவள் நோன்பு பதினேழில் மருந்து குடித்தாளா?

ஸாலிஹா


சாய்ந்தமருது
2025 பெப்ரவரி 28

சுல்பிகா,

நீ பதில் எழுதவில்லை. நேற்று நீ வரவுமில்லை. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். நாளை நோன்புப் பிறை பார்ப்பார்கள், அதற்கு முன் மனதில் இருப்பதை இறக்கி வைத்துவிட வேண்டும்.

அரச சட்டத்தரணி முதலில் கேட்டார். நாக்கு, புயம், உதடு, மூன்றையும் சொன்னேன். கழுத்தில் அடையாளம் கண்டீர்களா என்றார். காணவில்லை என்றேன். அவர் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. உங்கள் தங்கச்சி அப்படிச் சொல்லவில்லையே என்றார். அதற்குள் நீதிபதி, தங்கச்சி கேட்டதாகச் சொன்னது வேண்டாம், குளிப்பாட்டியவர் இங்கேயே நிற்கிறார், அவர் கண்டதுதான் சாட்சி என்றார்.

பிறகு அழகரெத்தினம் ஐயா எழும்பினார். ஆலையடிவேம்பு ஆள், மெதுவாகத்தான் பேசுவார், பக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கும். நாக்கு எந்த இடத்தில் கடிபட்டிருந்தது என்று கேட்டார். மூன்று வருஷமாகப் பொலிசும் கேட்கவில்லை, முதல் விசாரித்த மற்றக் கோட்டிலும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. நான் என் வாயைத் திறந்து விரலால் காட்டினேன். வலது ஓரம், கடைவாய்ப் பல்லுக்குக் கிட்ட. நுனியில் ஒன்றும் இல்லை. சுருக்கெழுத்துக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். முந்தின தவணையில் சட்ட வைத்திய அதிகாரி வந்து, வலிப்பில்தான் பெரும்பாலும் ஓரம் கடிபடும், ஆனால் நெரித்தாலும் கடிபடாது என்று உறுதி சொல்ல முடியாது, தோண்டி எடுக்கும்போது நாக்குப் பார்க்கிற நிலையில் இல்லை என்று சொல்லியிருக்கிறாராம். ஆகவே அந்த நாக்குக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி நான்.

அடுத்து, "அம்மா, இறந்த பிள்ளைக்கு வலிப்பு இருந்ததா?" என்றார். நான் கண்ணால் காணவில்லை ஐயா என்றேன். கேள்விப்பட்டீர்களா என்றார். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அரச சட்டத்தரணி எழும்பி ஆட்சேபித்தார். "கேள்விப்பட்டது வேணாம்" என்றார் நீதிபதி. திறந்த வாயைச் சட்டமே மூடிவிட்டது. நீ சொன்னது சரிதான், நல்லாத்தான் படித்திருக்கிறாய்.

அழகரெத்தினம் ஐயா விடவில்லை. எங்கள் சாட்சிச் சட்டம் இந்தியாவில் வெள்ளைக்காரர் எழுதி வைத்ததை ஒட்டியதாம். அங்கேயுள்ள கோட்டுத் தீர்ப்பு ஒன்றை வாசித்துக் காட்டினார். சந்தர்ப்ப சாட்சியம் குற்றக் கூண்டில் நிற்கிற எதிரியைக் காட்டினால் மட்டும் போதாது, அவர் செய்யவில்லை என்பதற்கு நியாயமான வேறு விளக்கம் ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று அதில் இருந்தது. இங்கே வேறு விளக்கம் இருக்கிறது என்றார். நீதிபதி கேட்டார், விளக்கம் இருக்கிறது, அதற்கு ஏதாவது அடிப்படை இருக்கிறதா, பெற்ற தாயே நோய் இல்லை என்று சத்தியம் பண்ணியிருக்கிறாரே என்று. ஐயா தீர்ப்புத் தாளை மடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

நான் இறங்கி வரும்போது றிம்சானைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது. முப்பது வயதுக்குத் தலை நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்து, "பெரியும்மா, நீங்க பாத்தத்தான சொன்னீங்க" என்றான். கோபமே இல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நாக்கை நான் கண்டேன். வலிப்பைக் கண்டவள் நீ ஒருத்திதான். அடுத்த தவணை ஏப்ரல் 8. கொல்லாத ஒருவனுக்கு மரண தண்டனை எழுதப் போகிறார்கள், சுல்பிகா. எழுத வேண்டாம் என்று சொல்லக் கூடிய ஆள் உன்னைத் தவிர யாரும் இல்லை.

ஸாலிஹா


அக்கரைப்பற்று
2025 மார்ச் 18, நோன்பு பதினேழு

றாத்தா,

இன்றைக்கு என்ன நாள் என்று உங்களுக்குத் தெரியும். மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு எழுத இருந்தேன். இப்போது பின்னேரத்து அஸர் தொழுகை நேரமும் ஆகப் போகிறது. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

ஓம். றிபாவுக்குப் பதினேழு வயதில் முதல் தரம் வந்தது. கிணற்றடியில். நான் மட்டும்தான் கண்டேன். இங்கே மருந்தெடுத்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் எங்கள் ஊரார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதனால் கண்டிக்குக் கொண்டு போனேன். அங்கேயும் கவுண்டரில் நிற்கும்போது பின்னால் கிழக்கு மாகாணப் பேச்சுக் கேட்டது. கையில் அடையாள அட்டைக் கொப்பி இரண்டும் இருந்தது. நஜ்லாவின் கொப்பியைக் கொடுத்துவிட்டேன். தெரியாமல் கொடுத்தேன் என்று எழுதத்தான் முதல் தாளை எடுத்தேன். தெரிந்துதான் கொடுத்தேன். யாராவது கேட்டால் கேட்கட்டும், என் பிள்ளையின் பெயர் இல்லைதானே என்று நினைத்தேன். நஜ்லாவிடம் நான் எந்த முகத்தோடு பேசுவேன்?

மருந்தால் நல்லாயிருந்தாள். இரண்டு வருஷம் ஒன்றும் வரவில்லை. கல்யாணத்துக்குச் சொல்லவில்லை. றிம்சான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போன பிறகு காலையில் ஒன்று, அவன் வருமுன் பொழுதுபட ஒன்று. அரிசிப் பீப்பாவுக்குள் ஒளித்து வைத்துக் குடித்தாள். நோன்பு வந்தது. விடியுமுன் ஸஹருக்கும் பக்கத்தில் இருக்கிறான், நோன்பு திறக்கவும் பக்கத்தில் இருக்கிறான். எப்படிக் குடிப்பது என்று கேட்டாள். ஒரு மாதம்தானே, விடு, அருள் இறங்குகிற றஹ்மத்தான மாதத்தில் அல்லாஹ் கெடுதி ஒன்றும் தரமாட்டான் என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

அந்த வருஷம் நாட்டிலேயே பெற்றோல் இல்லை, ஆட்டோ வாசலில் கிடந்தது, அவன் பகல் முழுக்க வீட்டில். பதினேழாம் நோன்பு ளுஹருக்குப் பிறகு போன் எடுத்தாள். குசுகுசு என்று பேசினாள்.

"உம்மா, கண்ணுக்குள்ள மினுங்குது. நோன்ப விட்டுட்டு மருந்தக் குடிக்கட்டா?"

மருமகன் நிற்கிறாரா என்று கேட்டேன். ஓம் என்றாள். நோன்பை விட மாதத் தீட்டு என்று சொல்லவும் வழியில்லை, அது முந்தின கிழமைதான் முடிந்திருந்தது.

"அப்ப விடாத மகள். கேட்டா என்ன சொல்லுவ? நோன்பு தொறக்கப் பாங்குக்கு இன்னும் அஞ்சு மணித்தியாலம்தானே, பொறுத்துக்க" என்றேன்.

சரி உம்மா என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் குரலை நான் கேட்கவில்லை.

வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அடக்க ஓடினேன். ஏழு நாள் நான் சோறு தின்னவில்லை, நீங்கள் மகளுக்காக என்று நினைத்தீர்கள். ஏழாம் நாள் நீங்கள் விரல் பதிந்த கண்டல் என்றீர்கள். றாத்தா, அந்தச் சொல் என் காதில் விழுந்தபோது எனக்குப் பசித்தது. அவன் கொன்றிருந்தால் நான் கொல்லவில்லைதானே. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் வாழ்ந்தேன். இரவைக்குப் படுத்தால் நம்பினேன், உண்மையாகவே நம்பினேன். விடிந்தால் "சரி உம்மா" என்றது கேட்கும்.

இதைக் கோட்டில் சொன்னால் பஹ்மிதாவின் காரியம் முடிந்தது. என்னையும் உள்ளே போடலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொல்லுவேனா என்று எனக்கே தெரியாது. கடிதத்தை வைத்து நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள். மையித்தில் கை படக் கூடாது என்று எழுதியதை மட்டும் வெட்டிவிடுங்கள்.

சுல்பிகா


சாய்ந்தமருது
2025 மார்ச் 20

என் தங்கச்சிக்கு,

வாசித்தேன். தொழுத முஸல்லாவிலேயே இருந்து இன்னொருக்காலும் வாசித்தேன்.

உன் கடிதத்தை இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். அதைப் போட்டோக்கொப்பியும் எடுக்கவில்லை. அழகரெத்தினம் ஐயாவிடம் கொடுத்தால் அவர் இதை வைத்தே வழக்கை வெல்லுவார் என்று எனக்குத் தெரியும். முன்னொருக்காலும் நீ என்னை நம்பி வாய் திறந்ததில்லை. நான் உன்னை நம்பி மையித்தின் கதையைச் சொன்னேன், அது எங்கே போய் முடிந்தது என்று கண்டோம். அதே பிழையை நானும் செய்யமாட்டேன். சொல்லுவதென்றால் நீயே சொல்ல வேண்டும். ஏப்ரல் 8க்கு முன் ஐயாவைப் போய்ப் பார். உன்னைத் திரும்பக் கூண்டில் ஏற்றச் சொல்லி அவர் மன்றைக் கேட்கலாமாம். அதற்கு மேல் நான் உன்னை நெருக்கமாட்டேன். ஆனால் நீ போகாவிட்டால், பிறகு நீ கதவைத் திறந்தாலும் நான் வரமாட்டேன்.

நஜ்லா பெருநாளுக்கு வருவாள். அவள் உன் மேல் கோபம்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அவளுக்கு மட்டும் போனில் சொன்ன அந்த அரிசிப் பீப்பாக் கதையைக் கேட்டுவிட்டு விக்கி விக்கி அழுதாள். அவளும் றிபாவும் நாற்பது நாள் வித்தியாசத்தில் பிறந்தவர்கள்.

மையித்து விஷயம். வயதுக்கு நான்தான் முந்திப் போக வேண்டியவள். ஆகவே நீதான் குளிப்பாட்டப் பழக வேண்டும்.

றாத்தா


அக்கரைப்பற்று
2025 ஜூன் 22

றாத்தா,

வியாழக்கிழமை தீர்ப்பு முடிந்து வாசலில் நீங்கள் என் கையைப் பிடித்ததும் நான் தலையை ஆட்டிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். போன் இருக்கிறது, உங்கள் நம்பரும் இப்போது திறந்துதான் கிடக்கிறது. ஆனாலும் இதைப் போனில் சொல்ல என்னால் முடியாது.

ஏப்ரல் 8இல் நான் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இரண்டு மணித்தியாலம் நின்றேன். அரச சட்டத்தரணி என்னைப் பிழிந்து எடுத்தார். முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்லுவது பொய்யா என்று மூன்று விதமாகக் கேட்டார். மகளைத் தோண்டி எடுக்க வைத்துவிட்டு இப்போது மருமகனிடம் என்ன வாங்கினீர்கள் என்றும் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கொப்பி வந்தது, மருந்துப் பொதியைக் காட்டினேன், போன் கம்பனியின் பதிவில் அந்த ளுஹர் நேரத்து அழைப்பு இருந்தது.

தீர்ப்பை நீதிபதி வாசிக்கும்போது நான் நினைத்தது போல ஏசவில்லை. தாயின் இரண்டாவது சாட்சியத்தை நம்பலாம், ஏனென்றால் அது அவருக்கே கேடு தருகிறது, வேறு பதிவுகளும் அதற்கு ஒத்து நிற்கின்றன என்றார். குளிப்பாட்டிய பெண் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார், அவர் காட்டிய நாக்கின் ஓரமும் புயத்துக் கண்டலும் எதிரி முதல் நாளே பொலிசுக்குச் சொன்ன கதையோடு பொருந்துகின்றன என்றார். எதிரி தன் கதையை நிரூபிக்க வேண்டியதில்லை, அது உண்மையாக இருக்கக் கூடும் என்ற நியாயமான சந்தேகமே போதும் என்று சொல்லி அவனை விட்டார். என் பொய்ச் சத்தியத்துக்கு என்ன செய்வதென்று வேறாகப் பார்ப்பார்களாம். பார்க்கட்டும். பஹ்மிதாவின் மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மாதமாகப் பேச்சு மூச்சு இல்லை. அவள் என்னோடு பேசுகிறாள், அது போதும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நேற்றுப் பின்னேரம் றிம்சான் வந்தான். தனியாக வந்தான். ஏசுவான், அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத்தான் கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பழைய மருமகன் மாதிரியே ஸலாம் சொன்னான். அந்த மருந்தைப் பார்க்க வேண்டும் என்றான். கோட்டில் காட்டியது அங்கேயே இருக்கிறது, பீப்பாவில் கிடந்த இன்னொரு மருந்து அட்டை என்னிடம் இருந்தது. கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்து எழுத்தை எல்லாம் வாசித்தான். நான் தேத்தண்ணி வைத்தேன், குடிக்கவில்லை.

பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்.

"மாமி, எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தா நான் தண்ணி ஊத்தியிருக்க மாட்டன். அவ மூச்செடுக்க ஏலாம இருந்தது தண்ணியாலயா?"

கோட்டில் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவள் நான். இதற்கு, தேத்தண்ணி ஆறுகிறது மகன் என்றுதான் சொன்னேன். அவன் அட்டையை மேசையில் வைத்து, நாளை அஸருக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். இன்று வருவான்.

இல்லை மகன், தண்ணியால் இல்லை, என்னால்தான் என்று சொல்லப் போகிறேன். டொக்டர்மாருக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்லுவேன் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. ஆனால் அவனுக்கு அதை நான்தான் சொல்ல வேண்டும்.

கடிதம் போய்ச் சேருமுன் அது நடந்து முடிந்திருக்கும். இருந்தாலும் கிடைத்ததும் முதல் பஸ்ஸில் வாருங்கள், றாத்தா. கதவு திறந்துதான் இருக்கும்.

சுல்பிகா